செருப்போடு உள்ளே வரலாம்

ஸ்ரீசிட்டி கம்பெனி மேலாளர்
இரண்டு ஜன்னல்களை ஒட்டி வைத்து
திரையை என் பக்கம் திருப்பினார்.
இடதில் என் தளம்.
வலதிலும் என்னுடையதுதான் என்றிருந்தேன்,
எழுத்து தெலுங்கு என்று கண்ணுக்குப் படும்வரை.

ஈரச் சிமெண்ட் நிறம்.
ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒற்றை ரோஸ் கோடு.
பிடித்து இழுத்தால் திரைச்சீலைபோல் ஒதுங்கி
செய்த வேலைகளைக் காட்டும்.
என் முதல் வரி: செருப்போடு உள்ளே வரலாம்.
அவனுடையது: செப்புலதோனே லோபலிக்கி ரண்டி.

"ரெண்டு பேரும் ஒரே டெம்ப்ளேட் வாங்குனீங்களா?"
குரலில் கோபமில்லை.
இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.
"மெயில் பண்றோம்மா."

தடாவில் ஷேர் ஆட்டோ ஏறி
ஆரம்பாக்கம் வரும்வரை
யாரோ ஒருவரின் மீன்கூடைமேல் முழங்கை வைத்து
வாங்கல, வாங்கல என்று
உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அவன் வெளியிட்டது மார்ச் ஒன்பது.
நான், பதினொன்று.
இரண்டு நாள் போதும் ஒருத்திக்கு,
பார்க்க, சுருட்ட, தமிழாக்க.
கணக்கு இடிக்காமல் வருவதுதான்
வயிற்றைக் கலக்கியது.

பிரவுசரில் தேடினேன்.
எங்கள் வீட்டில் ஒரே மடிக்கணினி.
தம்பி இளம்பரிதி ஞாயிறுதோறும்
அவன் காரணங்களுக்காக வரலாற்றை அழிப்பவன்.
பார்த்ததற்கு ஒரு தடயம் இருக்கும்.
பார்க்காததற்கு என்ன இருக்கும்?

ஷாகிதா சொன்னாள்:
"ரெண்டு பேரும் ஒரே ஏரியப் பாத்து வளந்தவங்க.
சேறும் பூநாரையும், அவ்ளோதான்."
கேட்க அழகாக இருந்தது.
கொஞ்ச நேரம் நானே நம்பினேன்.
ஆனால் அந்த ரோஸ், அப்பாவின் அல்சர் மருந்து.
ராத்திரி இரண்டு மணிக்கு
மூடி திறந்தபடி மேஜையில் இருந்தது.
செருப்பு வரியோ
மழை நாளில் கும்மிடிப்பூண்டி ஜெராக்ஸ் கடைக்காரர்
அட்டையில் எழுதித் தொங்கவிட்டது.
அப்படியானால் அதுவும்

சரி, விடு.

அவன் பெயர் வம்சிதர். சூலூர்ப்பேட்டை.
"உங்களுடையதை நான் பார்க்கவில்லை" என்று எழுதினேன்.
படித்தால், பார்த்தவள் எழுதியதுபோல் இருந்தது.
அழித்தேன். மூன்று முறை.
கடைசியில் "வணக்கம்" மட்டும் அனுப்பினேன்.
நாலு நிமிஷத்தில் பதில், ஆங்கில எழுத்தில் தமிழ்:
"அக்கா, நானும் டைப் பண்ணி டைப் பண்ணி அழிக்கிறேன்.
நெல்லூர்ல ஒருத்தர் உங்க பக்கத்தக் காட்டி
என்னக் கேள்வி கேட்டார்."
அவன் ரோஸ், தங்கையின் ஹாஸ்டல் பக்கெட்.
போட்டோவே அனுப்பினான்.
கைப்பிடி உடைந்திருந்தது.

அன்றிரவு, அவனுக்குச் சொல்லாமல்,
கோட்டையும் வரியையும் எடுத்துவிட்டேன்.
காலையில் பார்த்தால் அவனும் எடுத்திருக்கிறான்,
எனக்குச் சொல்லாமல்.
வெறும் சிமெண்ட் இந்தப் பக்கம்.
வெறும் சிமெண்ட் அந்தப் பக்கம்.
முன்பைவிட இப்போதுதான் அச்சு அசல்.

வேலை ராணிப்பேட்டைக்காரர் ஒருவருக்குப் போயிற்று.
அவர் தளத்தையும் போய்ப் பார்த்தேன்.
யாரைப்போலவும் இல்லை.
பார்க்கவும் சகிக்கவில்லை.

கோட்டைத் திரும்ப வைத்தேன். வரியையும்.
கடைசியில், பொடி எழுத்தில்,
"இதே வாசல் சூலூர்ப்பேட்டையிலும் உண்டு" என்று
அவனுக்கு ஒரு இணைப்பு.

ஒரு வாரம் சத்தமில்லை.
எட்டாம் நாள் அவனும் எனக்கு ஒன்று வைத்தான்.
மகிழரசி என்பதை
இங்கிலீஷில் பார்த்து, ழகரத்துக்கு வழி தெரியாமல்,
தெலுங்கில் மகிஜரசி என்று எழுதியிருந்தான்.

திருத்தச் சொல்லவில்லை.
அந்த ஜ
அவன் ஒருத்தனுக்கு மட்டும் வந்தது.